விழும் தூசும் மிதக்கும் புகையும்

நாம் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று உள்ளே சென்று வெளிவருகிறது. பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 10,800 லிட்டர்! ஒரு நாளில் உண்ணும் உணவும் குடிக்கும் நீரும் சேர்ந்து நான்கைந்து கிலோவைத் தாண்டுவதில்லை. உள்ளே போய்வரும் காற்றின் எடையோ 13 கிலோ. சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டையே நகர்த்திவிடும் நாம், இந்த 13 கிலோவில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நலமாக இருப்பவர்களுக்கு இதனால் உடனடித் தொல்லை ஏதும் தெரிவதில்லை. ஆனால் ஆஸ்துமா எனப்படும் ஈளை நோய் உள்ளவர்களுக்கு, நம் வீடுகளில் சொல்வதுபோல 'இழுப்பு' உள்ளவர்களுக்கு, அந்தக் கலப்புதான் நோயைக் கிளறிவிடும் தூண்டுகோல்.

இழுப்புள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பொதுவாக நடப்பது என்ன? தயிர் கூடாது; வாழைப்பழம் கூடாது; ஆரஞ்சு கூடாது; தலைக்குக் குளிக்கக் கூடாது; ஓடியாடி விளையாடவும் கூடாது. இத்தனை தடைகளுக்கும் உட்பட்ட அக்குழந்தை இரவில் படுத்துறங்குவது பத்தாண்டுப் பழமையான இலவம்பஞ்சு மெத்தையில். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும். கொசுவுக்கு அஞ்சிச் சன்னல்களையும் சாத்தியிருப்பார்கள். குற்றமற்றவனைச் சிறையிலிட்டுவிட்டுக் குற்றவாளியை வீட்டிலேயே படுக்க வைத்த கதைதான் இது. குற்றவாளியை அடையாளம் காண இயற்பியலில் இரண்டு எளிய கணக்குகள் போதும்.

குழலின் கணக்கு

மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் மீண்டும் கிளைத்து, தலைகீழாக நட்ட மரம்போல நுரையீரலில் பரவுகின்றன. நுனிக் கிளைகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இக்குழல்களின் உட்சுவரில் நாட்பட்ட அழற்சி இருக்கும். வெளிப்பார்வைக்கு அவர்கள் நலமாக இருக்கும் நாட்களிலும் அது இருக்கும். தூண்டுகோல் ஒன்று வந்து சேர்ந்ததும் மூன்று காரியங்கள் நடைபெறுகின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கிறது.

மேல்நிலை வகுப்பில் நீங்கள் படித்த பாய்சொய் சமன்பாட்டை நினைவு கூருங்கள். குறுகிய குழல் ஒன்றில் பாயும் பாய்மத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர்த்தகவில் இருக்கும். அதாவது, ஆரம் பாதியானால் தடை இரு மடங்காவதில்லை; 16 மடங்காகிறது. ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிடும். பெரிய குழல்களில் காற்று சுழித்து ஓடுவதால் இச்சமன்பாடு அப்படியே பொருந்தாது என்றாலும், சிறு குழல்களுக்கு இது நல்ல வழிகாட்டி. உட்சுவரில் ஏற்படும் அற்ப வீக்கம் ஒரு மனிதனை எழுந்து உட்கார வைத்து, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குப் போராட வைப்பது இதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்கூடு விரிவதால் குழல்களும் சற்று விரிந்துகொடுக்கும். வெளிவிடும்போதோ நெஞ்சின் அழுத்தம் குழல்களையும் சேர்த்து நெருக்குகிறது. ஆகவே ஆஸ்துமாவில் 'விசில்' ஓசை பெரும்பாலும் மூச்சை வெளிவிடும்போதே கேட்கும். 'இழுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, நோயாளி பெரிதும் திணறுவது இழுப்பதில் அன்று, விடுவதில்!

வீழ்ச்சியின் கணக்கு

இனி இரண்டாவது கணக்கு. காற்றில் விழும் சிறு துகள் ஒன்று, காற்றின் பாகுநிலை காரணமாக, விரைவிலேயே ஒரு மாறாத வேகத்தை அடைந்துவிடுகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். ஸ்டோக்ஸ் விதிப்படி இது துகளின் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நீரின் அடர்த்தியுள்ள துகள் என்று வைத்துக்கொண்டால், 20 மைக்ரான் விட்டமுள்ள துகள் வினாடிக்கு 12 மில்லிமீட்டர் விழும். 10 மைக்ரான் துகள் 3 மில்லிமீட்டர் விழும். 1 மைக்ரான் துகளோ மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான் இறங்கும்.

இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர, முதலாவதற்கு மூன்று நிமிடம் போதும். இரண்டாவதற்குப் பதினோரு நிமிடம். மூன்றாவதற்கு 16 மணி நேரம் வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள புகைத்துகளுக்கு 5 நாட்களுக்கு மேல் ஆகும்! அதுவும் காற்று அசையாமல் இருந்தால். மின்விசிறி சுழலும் அறையில் புகை விழுவதே இல்லை என்று கொள்ளலாம்.

ஆகவே, ஆஸ்துமாவைத் தூண்டும் துகள்களை இரு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: விழுபவை, மிதப்பவை. விழுபவற்றைத் துடைத்தும் துவைத்தும் அகற்றலாம். மிதப்பவற்றைத் துடைக்க இயலாது. உண்டாக்காமல் இருக்க வேண்டும், அல்லது சன்னலைத் திறந்து வெளியேற்ற வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து செய்யும் செலவெல்லாம் வீண்.

மெத்தையில் வாழும் உயிர்

வீட்டுத் தூசு இழுப்பை உண்டாக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. தூசில் உள்ள எது என்பதுதான் புதிராக இருந்தது. 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற ஆய்வாளர்களும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் அதற்கு விடை கண்டனர். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே உள்ள, கண்ணுக்கு எளிதில் புலப்படாத தூசு உண்ணி என்னும் உயிரே அது. சிலந்தியின் உறவினம். நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. 1981இல் மற்றொரு உண்மை வெளியாயிற்று: ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் பெரும்பாலும் இருப்பது உண்ணியின் எச்சத்தில்! அந்த எச்ச உருண்டைகளின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான்.

நம் கணக்கின்படி இவை 'விழுபவை'. அறையின் காற்றில் இவை தங்குவதில்லை. படுக்கையைத் தட்டும்போதும் துடைப்பத்தால் பெருக்கும்போதும் மட்டும் கிளம்பி, இருபது முப்பது நிமிடங்களில் மீண்டும் படிந்துவிடுகின்றன. ஆகவே, ஒட்டடை அடிக்கும்போதும் பரணைக் காலி செய்யும்போதும் நோயாளி வெளியே இருக்கட்டும். அரைமணி கழித்து உள்ளே வரட்டும். உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத்துணி நல்லது. தூசு உண்ணிக்காகவே காற்றுத் தூய்மைக் கருவி வாங்க எண்ணுவோர் ஒரு நிமிடம் சிந்திக்க வேண்டும். காற்றில் இல்லாத ஒன்றை எந்தக் கருவி உறிஞ்சும்? இரவு முழுவதும் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பது தலையணை.

இந்த உயிருக்கு ஒரு பலவீனம் உண்டு. அது நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் கீழே நீடித்தால் அது உலர்ந்து மடியும். ஆல்ப்ஸ் மலையில் 1,500 மீட்டருக்கு மேல் அமைந்த டாவோஸ் நகரின் வீடுகளில் உண்ணி மிகக் குறைவு. குளிர்ந்த, வறண்ட காற்றே காரணம். 'மலைக்குப் போனால் சரியாகும்' என்று நம்மவர்கள் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான். காப்பது ஈரமின்மை, உயரம் அன்று. ஈரம் சொட்டும் மலையூரில் உண்ணிக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிலும் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்கு மேலேயே நிற்கிறது. உண்ணி வாழத் தகுந்த நாடு நம்முடையது.

என்ன செய்யலாம்? உறையையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். தண்ணீரின் வெப்பநிலை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் இருந்தால் உண்ணிகள் அனைத்தும் மடியும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் எச்சம் போகும், உண்ணிகள் பல பிழைத்துக்கொள்ளும். வெயிலில் காயப்போடுவது ஈரத்தைப் போக்கும், நல்லதே. ஆனால் செத்த உண்ணியும் அதன் எச்சமும் மெத்தையிலேயே கிடக்குமாதலால், தட்டி உதறுவதும் துவைப்பதும் வேண்டும். உதறும் வேலை நோயாளியுடையதன்று. இவ்வகையில் நம் கோரைப்பாயை மெச்சத்தான் வேண்டும். உண்ணி புகுந்து குடியிருக்கும் ஆழம் அதில் இல்லை. கழுவி, உதறி, வெயிலில் நிறுத்திவிடலாம். பஞ்சு பொதிந்த பொம்மையைக் குழந்தை விட மறுத்தால், அதைப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு நாள் வைத்துப் பிறகு துவைத்துக் கொடுங்கள்.

சிறப்பு மெத்தை உறைகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றை மட்டும் மாட்டிவிட்டால் நோய் தணிந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், உறை போட்டவர்களுக்கும் சாதாரண உறை போட்டவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஒரு வழியை அடைத்து ஒன்பது வழிகளைத் திறந்து வைத்தால் வேறென்ன ஆகும்?

கரப்பான் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த தோலும் கூட 'விழுபவை' இனம். இரவில் எச்சில் பாத்திரங்களைப் போட்டு வைக்காமலிருப்பதே முதல் மருந்து. தெளிப்பு மருந்தின் நெடி தானே ஒரு தூண்டுகோலாகிவிடும். களிம்பாக வைக்கும் கரப்பான் மருந்து மேல். பூனை வேறு வகை. அதன் எச்சிலிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் பொருள் 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். பூனை இல்லாத அறைக்கும் உடையில் தொற்றிச் செல்லும்.

புகை

மேலே சொன்னவை ஒவ்வாமை உள்ளவர்களையே தாக்கும். புகையோ எரிச்சலூட்டும் பொருள். ஆஸ்துமாக்காரர் எவரையும் விடாது. புகைத்துகள் மிகச் சிறியதாகையால், மூக்கின் முடியிலும் சளியிலும் சிக்காமல் நுனிக் குழல் வரை போய்ச் சேர்கிறது.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது: ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஈடானது. பிள்ளை இருக்கும் அறையில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் சண்டை பிடிக்கும் தாய்மார்கள், இந்தச் சுருளைத் தம் கையாலேயே ஏற்றிவைக்கிறார்கள். கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை, டெங்குவும் கொடியதே. கொசுவலை கட்டுங்கள். அதையும் மாதம் ஒரு முறை துவையுங்கள். நீர்மம் நிரப்பி மின்சாரத்தில் வைக்கும் கொசுவிரட்டியில் புகை இல்லை என்றாலும், அதன் ஆவி சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சாம்பிராணியும் ஊதுவத்தியும் பக்தியோடு சேர்ந்தவை. ஆனால் துகளின் இயற்பியல் நோக்கம் பார்ப்பதில்லை. குளிப்பாட்டிய குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்தும் பழக்கத்தை, அக்குழந்தைக்கு இழுப்பு இருந்தால், விட்டுவிடுவதே நல்லது. துண்டு எதற்கு இருக்கிறது? பூசையறையில் விளக்கு மட்டும் போதாதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். விறகடுப்பு உள்ள வீடுகளில் புகைபோக்கியோ திறந்த சன்னலோ கட்டாயம் வேண்டும். மிளகாய் தாளிக்கும் நெடி குழலின் நரம்பு நுனிகளை நேரே சீண்டுவது. அந்த இரண்டு நிமிடம் நோயாளி வேறு அறையில் இருந்தால் போதும்.

வாசலுக்கு வெளியே

மகரந்தம் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு மேற்பட்டது. ஆகவே மூக்கிலேயே சிக்கித் தும்மலையும் கண் அரிப்பையும் தருவதே வழக்கம். நம் நாட்டில் சீமைக்கருவேலம், பார்த்தீனியம் இரண்டும் இதில் பேர்போனவை. ஆனால் அளவு மாறினால் கதையே மாறிவிடும் என்பதற்கு மெல்போர்ன் நகரம் சான்று. 2016 நவம்பர் 21ஆம் நாள் மாலை அங்கே இடிமழை வந்தது. புல்வெளிகளிலிருந்து கிளம்பிய ரைபுல் மகரந்தம் காற்றில் நிறைந்திருந்தது. ஒரு ரைபுல் மகரந்தத்துள் சுமார் 700 மாவுச்சத்து மணிகள் உண்டு. ஒவ்வொன்றும் 3 மைக்ரானுக்குக் குறைவு. ஈரம் பட்டு மகரந்தம் வெடிக்க, மூக்கில் தங்க வேண்டியது நுரையீரலுக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினர். 10 பேர் இறந்தனர். அன்றுவரை தமக்கு ஆஸ்துமா இருப்பதாகவே அறியாதவர் பலர்.

பார்சிலோனாவின் கதை இதைவிட ஆறுதலானது. 1981க்கும் 1987க்கும் இடையில் அந்நகரில் 26 நாட்கள் திடீர் திடீரென ஆஸ்துமா நோயாளிகள் குவிந்தனர். காரணம் தெரியவில்லை. மருத்துவர்கள் துறைமுகப் பதிவேடுகளைப் புரட்டினர். அந்த நாட்களில் எல்லாம் சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது! தானியக் களஞ்சியத்தில் தூசு வடிகட்டி இல்லாததால் சோயா உமியின் தூள் நகரின்மேல் பரவியிருந்தது. வடிகட்டி பொருத்தினர்; அத்தொற்றுப் போன்ற திணறல் நின்றது. எந்த மருந்தும் செய்யாததை ஒரு துணிப்பை செய்தது.

நமக்கோ மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை. அப்போது தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிட, மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. கீழே எழும் புகை மேலே போக வழியில்லை. போகியன்று பழம்பாயையும் டயரையும் கொளுத்துவது சரியாக அந்த நேரத்தில்தான்! 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தையே தடுமாற வைத்தன. நோயாளிகள் அன்று வெயில் ஏறும்வரை வீட்டினுள் சன்னலை மூடிக்கொண்டு இருப்பது நல்லது. தீபாவளி இரவும் அப்படியே. மூக்கில் கட்டும் கைக்குட்டை மண்தூசையும் மகரந்தத்தையும் ஓரளவு தடுக்கும், புகையைத் தடுக்காது. அதற்கு என்-95 வகை முகமூடி வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றி: வேகமாக மூச்சு விடும்போது வறண்ட காற்று குழலின் ஈரத்தை உலர்த்திவிடுகிறது, அதனால் சிலருக்குத் திணறல் வரும். எனவே விளையாட்டையே தடைசெய்வது பிழை. முதலில் பத்து நிமிடம் மெல்ல உடலைச் சூடாக்கிக்கொண்டு, மருத்துவர் சொன்னால் மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு ஆடலாம். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களிலேயே ஆஸ்துமா உள்ளவர்கள் உண்டு.

தயிரும் வாழைப்பழமும் என்னவாயின? குழந்தைகளின் இழுப்பை அதிகமாகக் கிளறுவது நச்சுயிரால் வரும் சாதாரணச் சளிக்காய்ச்சல். மழைக்காலத்தில் அது பரவுகிறது. பழி 'குளிர்ச்சி'யான உணவின்மேல் விழுகிறது. ஓர் உணவை உண்ட ஒவ்வொரு முறையும் திணறல் வந்தால் மட்டும் அதை விலக்குங்கள். இல்லையேல் வளரும் பிள்ளையின் ஊட்டத்தைக் குறைக்காதீர்கள். பெரியவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கடும் இழுப்பை வரவழைக்கும். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

உங்களுடைய தூண்டுகோல் எது என்று அறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்று, எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது திணறல் வந்தது என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள். பார்சிலோனா மருத்துவர்கள் செய்ததும் இதையே. 1959இல் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய உச்ச ஓட்டமானியின் சிறு வடிவம் இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. பலமாக ஊதினால் காற்றின் வேகத்தை முள் காட்டும். உங்களுடைய சிறந்த அளவில் 80 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. பாதிக்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை. கருவி இல்லாவிட்டாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாரித்தல், விலாவிடைத் தசை உள்வாங்குதல், மருந்து உறிஞ்சியும் தணியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தூண்டுகோலை விலக்குவது மருந்துக்கு மாற்று ஆகாது. குழலை உடனே விரிக்கும் மருந்து ஒன்று. உட்சுவரின் அழற்சியைத் தணிக்கும் மருந்து மற்றொன்று. பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் விரிக்கும் மருந்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் உலக வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 'இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரை போதும்' என்போர் பலர். அவர்களுக்கும் நம் கணக்கே விடை. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. அது உடல் முழுவதும் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நுரையீரலுக்குள் இறங்கத் தக்கவாறு 1 முதல் 5 மைக்ரான் துளிகளாக அதை அமைத்திருக்கிறார்கள். புகை நுழையும் அதே வழியில் மருந்தும் நுழைகிறது.

அழுத்தியதும் சீறி வரும் பெரிய துளிகள் தொண்டையில் மோதி வீணாகும். இடையில் ஸ்பேசர் என்னும் குடுவையை வைத்தால், பெரியவை குடுவையில் படிந்துவிட, சிறியவை மிதந்து நிற்கும். குழந்தை அவற்றை நிதானமாக உறிஞ்சலாம். கடையில் வாங்க இயலாத குடும்பங்களுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மருத்துவர்கள் ஓர் எளிய வழியைச் சோதித்தனர். 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுகப் பொருந்துமாறு துளையிட்டு ஒட்டினார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், கடும் திணறலுடன் வந்த குழந்தைகளுக்குக் கடைச் ஸ்பேசருக்கு நிகராக அந்தப் பாட்டில் பயன்பட்டது.